யாரையும் அழைக்காத நாள்

ஒரெக்ஸா கம்பெனிக்கு நூறு வயது ஆகப்போகிறது என்று தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தபோது, ஸகோர்கா அதை முழுதாகப் படிக்காமலே ஒரு கொட்டாவி விட்டாள். கம்பெனிக்கு நூறு வயது ஆகட்டும், இருநூறு வயது ஆகட்டும். செர்பியாவில் அவள் அலுவலக நிர்வாகியாக இருக்கும் மொராவ்கா ஆலை அதன் கைக்கு வந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் ஹால்ட்னர் என்ற ஆஸ்திரியக் கம்பெனி வைத்திருந்தது. அதற்கு முன்னால் பெல்கிரேடிலிருந்து வந்த ஒரு கறுப்புக் கண்ணாடிக்காரன் வாங்கினான். வாங்கியவன் மிச்சமிருந்த நல்ல இயந்திரங்களை விற்றுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போனான். அதற்கும் முன்னால் ஆலை எல்லாருக்கும் சொந்தம் என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. அதாவது யாருக்கும் சொந்தமில்லை. ஒவ்வொரு முறையும் வாசல் பலகை மாறியது. உள்ளே செய்த பொருள் மட்டும் மாறவில்லை. கார் கண்ணாடியில் மழைத்தண்ணீரைத் துடைக்கும் வைப்பர் இருக்கிறதே, அதை இப்படியும் அப்படியும் ஆட்டுகிற மோட்டார்.

நூறாவது ஆண்டுக்குக் கம்பெனி வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். உலகம் முழுவதும் உள்ள ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு பக்கம். இதை யார் எழுதுவது? எல்லாரும் ஸகோர்காவைப் பார்த்தார்கள். அந்த ஆலையில் இழுத்துப்போட்டுச் செய்யவேண்டிய எல்லா வேலைக்கும் எல்லாரும் அவளைத்தான் பார்ப்பார்கள்.

எழுத உட்கார்ந்தபோது அலுப்பாகத்தான் இருந்தது. எழுத எழுத அலுப்பு மறந்துபோனது. பழைய செங்கல் சூளையில் ஆலை தொடங்கியதை எழுதினாள். நாட்டின் மீது பொருளாதாரத் தடை வந்த வருடங்களை எழுதினாள். அப்போது கார் செய்பவனும் இல்லை, மோட்டார் கேட்பவனும் இல்லை. கிடங்கு நிறைய மோட்டார் தூங்கியது. அழுத்த இயந்திரப் பிரிவின் மேஸ்திரி ஓப்ரென் ஒரு நாள் ஒரு மோட்டாரைத் தூக்கி வந்து, கார் பாட்டரியோடு இணைத்து, பன்றியைக் கம்பியில் கோத்துச் சுடும்போது கம்பியைத் திருப்புவதற்கு மாட்டிவிட்டான். கையால் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றுபோயிருந்த ஜனங்கள் ஆலை வாசலில் வரிசை கட்டினார்கள். மொராவா ஆற்றின் இரு கரையிலும் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் பன்றியைத் திருப்பியது அந்த மோட்டார்தான். தடை நீடித்த மூன்று வருடமும் ஆலையில் அடுப்பெரிந்தது ஓப்ரெனால்தான் என்று பெயர் போட்டே எழுதினாள்.

தலைமையகம் நன்றி சொல்லிப் பதில் அனுப்பியது. மிகவும் சுவையாக இருந்ததாம். ஆனால் முக்கிய நிகழ்வுகள் மட்டும் போதுமாம். அவர்கள் சுருக்கி அனுப்பிய பக்கத்தில் இரண்டு புகைப்படமும் ஒரு வரியும் இருந்தன: மொராவ்கா ஆலை ஒரெக்ஸா குடும்பத்தில் இணைந்தது.

"குடும்பமாம்," என்றாள் ஸகோர்கா. கேட்பதற்கு அறையில் யாருமில்லை.

ஓப்ரென் இருந்திருந்தால் சிரித்திருப்பான். அவள் கல்யாணத்தில் சாட்சி நின்றவன் அவன். அந்த ஊரில் அப்படிச் சாட்சி நின்றவனைக் 'குமா' என்று கூப்பிடுவார்கள். அவனும் அப்படியே திருப்பிக் கூப்பிடுவான். கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், குமாவோடு போடக்கூடாது. ஹால்ட்னர் காலத்தில் ஆட்களைக் குறைத்தபோது, வேலைநீக்க உறையை ஓப்ரெனிடம் நீட்டும் வேலை ஸகோர்காவின் தலையில் விழுந்தது. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று மட்டும் கேட்டான். அன்றைக்கு ஆலைக்கு வெளியே வைத்த காலை அவன் திரும்ப உள்ளே வைக்கவில்லை. அவள் வீட்டுப் படியும் ஏறவில்லை. அவள் புருஷன் செத்தபோது மட்டும் வந்து, கல்லறையில் மண் தள்ளிவிட்டு, பேசாமல் போனான். அந்த வலி அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அக்டோபர் மாதம் டைரக்டர் அவளைக் கூப்பிட்டார். வௌட்டர் என்று பெயர், ஹாலந்துக்காரர். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் வந்த வாரமே தொழிலாளர்கள் அவரை வோயா ஆக்கிவிட்டார்கள். ஐந்து வருடத்தில் பாஷையும் ஓரளவு பழகிக்கொண்டார். நல்ல மனிதர். அதுதான் தொல்லை, நல்ல மனிதரை மனமாரத் திட்டவும் முடியாது.

அன்று அவரே எழுந்து கதவைச் சாத்தினார். டைரக்டர்கள் தாமே கதவைச் சாத்துவதை ஸகோர்கா முன்பும் பார்த்திருக்கிறாள். உட்காரும் முன்பே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எப்போ?" என்றாள்.

"புத்தாண்டுக்கு அப்புறம் அறிவிப்பாங்க. மெஷின் எல்லாம் மொராக்கோ போகுது." அவர் மேசையையே பார்த்தார். "அதுவரைக்கும் வெளியே மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும்."

"சரி."

"இன்னொண்ணு. இந்த வருஷம் ஸ்லாவா கிடையாது. எல்லா ஆலையிலயும் நிறுவனர் தினம் மட்டும்தான் கொண்டாடணுமாம். பாதிரியார், மெழுகுவர்த்தி எதுவும் ஆலைக்குள்ள கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க. யாரையும் அழைக்காதீங்க ஸகோர்கா. அவ்வளவுதான்."

"சரி டைரக்டர். யாரையும் அழைக்கல," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஸ்லாவா என்பது ஒவ்வொரு செர்பிய வீட்டுக்கும் உள்ள புனிதரின் திருநாள். ஆலைக்கும் ஒன்று உண்டு. தடைக் காலத்தில்தான் அதைத் தொடங்கினார்கள். எந்தப் புனிதர் என்பதில் கைகலப்பு வராத குறை. அவனவன் தன் வீட்டுப் புனிதரையே பிடித்துத் தொங்கினான். கடைசியில், எந்த மேஸ்திரி வீட்டிலும் கொண்டாடாத புனித திமித்ரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போதுதான் வீட்டு விருந்தா ஆலை விருந்தா என்று யாரும் திண்டாட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பண்ணையாட்களின் கூலிக்கெடு முடிகிற நாளும் அதுதான் என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். அன்றைக்கு அது சிரிப்பாக இருந்தது.

அதில் வௌட்டருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஒரு முறை வந்தவர் ஒவ்வொரு வருடமும் தாமாக வருவார். அழைத்தால்தான் தப்பு, இதுவரை நீ அந்நியனாக இருந்தாய் என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி. ஆகவே வராதீர்கள் என்று சொல்லவேண்டுமானால் அதற்கு ஒரே வழி, உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரி விளம்பரம். இந்த வீட்டில் துக்கம், இந்த வருடம் விருந்தினரை ஏற்பதற்கில்லை. ஐந்து வருடமாக ஆலை ஸ்லாவாவில் சாப்பிட்டு ஏப்பம் விட்ட வௌட்டர், இத்தனை பேருக்கும் ஸகோர்கா தன் கணினியிலிருந்து அழைப்பு அனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவள் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவளுக்கு எதையும் யாருக்கும் விளக்கத் தெம்பில்லை. ஆனால் நாள் நெருங்க நெருங்க விளைவை எண்ணிப் பார்த்தாள். ஊரே வந்து வாசலில் நின்றால் வௌட்டர் மாட்டிக்கொள்வார், அவளும் மாட்டுவாள், ஓய்வு பெறுவதற்கு வெகு நாள் இல்லாத நேரத்தில். ஒரு மதியம் கோட்டை மாட்டிக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். விளம்பர மேசையில் பெர்சிதா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"மொராவ்கா ஆலை இந்த வருஷம் ஸ்லாவா கொண்டாடல. இதைப் போடு," என்றாள் ஸகோர்கா.

பெர்சிதா கொறிப்பதை நிறுத்தினாள். "காரணம்?"

"காரணம் எதுக்குடி?"

"போடலன்னா ஏதோ சண்டைன்னு ஜனங்க கதை கட்டும் அக்கா. துக்கமா, உடம்பு சரியில்லையா? இந்த ரெண்டுதான் வழக்கம்."

"மேலிடத்து உத்தரவுன்னு போடு."

"எந்த மேலிடம்? கடவுளா?"

"ஆலைக்கு என்னடி உடம்புக்கு வரும்," என்று ஸகோர்கா முணுமுணுத்தாள்.

"அப்போ துக்கம்." பெர்சிதா பேனாவை எடுத்தாள். "யாரு செத்தது?"

ஸகோர்கா வாயைத் திறந்தாள். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் பெண், மூன்று முதலாளிகளின் வழக்கறிஞர்களைச் சமாளித்தவள், அந்த விதைத்தொலி சிதறிய மேசைக்கு முன்னால் நின்று என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தாள். உண்மையைச் சொல்லக்கூடாது. பொய்யாக ஒருவரைச் சாகடிக்கவும் முடியாது.

"நாளைக்கு வரேன்," என்று சொல்லிக் கைப்பையை மூடினாள். அடுத்த நாளும் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை.

திருநாளுக்கு முந்தின தினம் சாப்பாட்டுக்கூடத்தில், ஸ்லாவாவுக்கு வருகிறவர்களுக்கு முதலில் கொடுக்கும் கோதுமை வெந்துகொண்டிருந்தது. சமையல் பொறுப்பாளர் லியூபிங்கா வாதுமைப் பருப்பை இடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு உன்னைக் கோதுமை போடச் சொன்னா?"

"யாரும் போட வேணாம்னு சொல்லலையே," என்றாள் லியூபிங்கா, உலக்கையை நிறுத்தாமல். "பாதிரியாரையும் வர வேணாம்னு யாரும் சொல்லல. அவரும் வருவார். நீ போய் முகத்தைக் கழுவு, பேயறைஞ்ச மாதிரி இருக்கே."

மறுநாள் காலை காவல்காரன் வாசலிலிருந்து போன் செய்தான். "அக்கா, இங்க கொஞ்சம் கூட்டமா இருக்கு. பேர்ப்பட்டியல் எதாவது இருக்கா?"

ஜன்னல் வழியே பார்த்தாள். ஓய்வு பெற்றவர்கள், ஹால்ட்னர் துரத்தியவர்கள், கறுப்புக் கண்ணாடிக்காரன் தெருவில் விட்டவர்கள், இறந்தவர்களின் மனைவிமார். எல்லாரும் வெளுத்த சட்டையும் கோட்டும் போட்டு, கையில் ஒயின் பாட்டிலோ காப்பிப் பொட்டலமோ வைத்திருந்தார்கள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். அதைவிட விநோதம், யாரும் சத்தமாகப் பேசவில்லை. இழவு வீட்டுக்கு வந்தவர்கள் போல நின்றார்கள்.

அவள் இறங்கி வாசலுக்குப் போனாள். முன்வரிசையில் ஓப்ரென் நின்றான். தலை முழுக்க வெளுத்திருந்தது. கையில் ராக்கியா என்ற, வீட்டில் காய்ச்சிய பழச்சாராயப் பாட்டில்.

"யாரு செத்தது, குமா?" என்றான்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"உள்ள வா, குமா. வாசல்ல வெச்சு அதைக் கேக்காதே."

"பெர்சிதா ஊர் பூரா சொல்லிட்டா. நீ வந்து நின்னியாம், கேட்டதுக்குப் பதில் சொல்லாம போயிட்டியாம். உன் வாய் அடைச்சுப் போச்சுன்னா சாதாரண சாவா இருக்காதுன்னு நினைச்சேன்." அவள் கண்ணைப் பார்த்தான். "நீதானோன்னு பயந்துட்டேன். ஏதாச்சும் வியாதியோன்னு."

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

மாடிப்படி இறங்கி வௌட்டர் ஓடி வந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "யாரையும் அழைக்காதீங்கன்னு சொன்னேனே," என்றார்.

"யாரையும் அழைக்கல டைரக்டர்."

"அப்போ இவங்க?"

"இதுக்கு முந்தியும் யாரையும் அழைச்சதில்ல."

அவர் கூட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பக் கூட்டத்தைப் பார்த்தார். விஷயம் மெல்ல மெல்ல அவருக்குள் இறங்கியது. "கேட்டைச் சாத்தச் சொன்னா?"

"சாத்தலாம். ஸ்லாவா அன்னிக்கு வந்தவங்களைத் திருப்பின டைரக்டர்னு பேர் நிக்கும். கறுப்புக் கண்ணாடிக்காரன் பேர் நிக்கிற மாதிரி."

வௌட்டர் கையைப் பிசைந்தார். பிறகு காவல்காரனைப் பார்த்துத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். "ஒரு மணி நேரம்," என்றார்.

"சாப்பாட்டுக்கே மூணு மணி நேரம் ஆகும், டைரக்டர்."

சாப்பாட்டுக்கூடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவராக ஒரு கரண்டி கோதுமையை வாயில் போட்டுக்கொண்டு, சிலுவை போட்டு, மேசைக்குப் போனார்கள். இந்த நாளில் விருந்து கொடுக்கும் வீட்டுக்காரர் உட்காரக்கூடாது. ஸகோர்கா காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தாள். கால் வீங்கி, செருப்பு இறுகிவிட்டது. கொல்லையில் பன்றியைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பியைத் திருப்பிய மோட்டாரின் முனகல் ஜன்னல் வழியே கேட்டது.

பாதிரியார் வந்தார். விழா ரொட்டியின் அடியில் சிலுவையாகக் கீறி, ஒயின் ஊற்றி, பாட்டுப் பாடி, சுற்றி நின்றவர்கள் கைபிடிக்க அதைச் சுழற்றினார். இனி அதைப் பிய்க்க வேண்டும். ஒரு ஓரத்தை இந்த வருடத்து வீட்டுக்காரர் பிடிப்பார், மறு ஓரத்தை அடுத்த வருடம் விருந்து கொடுக்கப்போகிறவர். ஆலையில் இந்தப் பக்கம் ஸகோர்கா பிடிப்பாள், அந்தப் பக்கம் டைரக்டர். அடுத்த வருடமும் நாங்கள் இங்கே இருப்போம் என்று அதற்கு அர்த்தம். கறுப்புக் கண்ணாடிக்காரன் சிரித்துக்கொண்டே பிடித்துப் பிய்த்தான், மறு மாதம் ஆலையைப் பூட்டினான். கொடுக்காத சம்பளத்தைக்கூட ஜனங்கள் மன்னித்தார்கள். அந்த ரொட்டியை மன்னிக்கவில்லை. வௌட்டருக்கு முதல் வருடம் இது தெரியாது. தன் பங்கை வெண்ணெய் தடவிச் சாப்பிட்டார். இரண்டாம் வருடம் ஸகோர்கா விளக்கிச் சொன்னாள். அதிலிருந்து அவர் அதை இரண்டு கையாலும் பிடிப்பார்.

ஸகோர்கா தன் ஓரத்தைப் பிடித்தாள். ரொட்டி கனத்தது. பாதிரியார் மறு ஓரத்தை வௌட்டர் பக்கம் திருப்பினார்.

வௌட்டர் ரொட்டியைப் பார்த்தார். அவர் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அங்கேயே இருந்தது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு முன்மேசை அமைதியானது, அதற்குப் பின்னாலுள்ள மேசை அமைதியானது, வாசலோரம் நின்றவர்கள் வரைக்கும் பேச்சு அடங்கியது. வௌட்டரின் கழுத்து சிவந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை, கையை மட்டும் நீட்டவில்லை. அதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் ஒரு செய்தியைச் சொல்ல முடியாது. லியூபிங்கா கரண்டியை வைத்துவிட்டு, வேலையில் இருக்கும்போது ஒருபோதும் உட்காராதவள், அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஆக, இதுதான் செத்தது," என்றான் ஓப்ரென்.

யாரும் கத்தவில்லை. இதற்கு முன்பு எத்தனையோ முறை கத்தி, கொடி பிடித்து, சாலையை மறித்து, தொண்டை வறண்டு வீட்டுக்குப் போனவர்கள். ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். யாரோ, "எங்க போகுதாம்?" என்று கேட்க, "எங்க போனா என்ன, நம்மகூட வரப்போகுதா," என்று இன்னொருவர் பதில் சொன்னார்.

ஸகோர்கா ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்த ரொட்டி சாயத் தொடங்கியது. பாதிரியாருக்கும் வயதாகிவிட்டது. "யாராவது பிடிங்க பிள்ளைங்களா," என்றார். "கீழ விழுந்துடும்."

ஓப்ரென் கோட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தான்.

"ஏய், உன்னைத்தான் அப்பவே துரத்திட்டாங்களே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நீ எந்தக் கணக்குல பிடிக்கிறே?"

"துரத்தினவன் ஹால்ட்னர்," என்றான் ஓப்ரென், திரும்பாமல். "அவனை நான் மொராவ்காவுக்கு வரச்சொல்லிக் கேட்டேனா? வந்தான், போனான். இவங்களும் வந்தாங்க, போறாங்க." ரொட்டியின் மறு ஓரத்தைப் பிடித்தான். "அடுத்த வருஷம் என் வீட்டுல. வீடு சின்னது. பாதிப் பேர் முற்றத்துல நிக்கணும். குளிருதுன்னு யாரும் என்கிட்ட புலம்பக்கூடாது. பிடி குமா, கெட்டியாப் பிடி."

இழுத்தார்கள். ரொட்டி பிய்ந்தது. பெரிய பாதி அவன் கைக்குப் போனது. அவன் அதை முத்தமிட்டான், பிறகு குனிந்து, அவளுடைய பாதியையும் முத்தமிட்டான். ஸகோர்கா அப்போதுதான் அழுதாள். இத்தனை வருடம் அந்த உறையை நீட்டிய கையோடு அவள் நடந்துகொண்டிருந்தாள் என்பது அந்தக் கூட்டத்தில் அவனுக்கு மட்டுமே தெரியும். அவன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ராக்கியா பாட்டிலைத் திறந்து அவளுக்கு ஊற்றினான்.

சாப்பாடு முடிய மூன்று மணி நேரத்துக்கு மேலேயே ஆனது. போகும்போது ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்தார்கள். சிலர் வௌட்டர் கையையும் பிடித்தார்கள். அவர் அதை எதிர்பார்க்கவில்லை; ஒவ்வொரு முறையும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கூடம் காலியானதும் அவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "மேல தெரிஞ்சா நான் நாளைக்கே கிளம்பணும்," என்றார். பயந்தவராகத் தெரியவில்லை, களைத்தவராகத்தான் தெரிந்தார். "புத்தகத்துல உங்க பக்கத்தை மாத்தணும்னு எழுதறேன். நீங்க முதல்ல எழுதினதையே போடட்டும். பன்றி, மோட்டார், எல்லாம்."

"வேணாம் டைரக்டர். அது அவங்க குடும்பத்துப் புத்தகம்."

திருநாள் வழக்கப்படி மெழுகுவர்த்தியை லியூபிங்கா ஒயின் விட்டு அணைத்தாள்.

"ஓப்ரென் வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார் வௌட்டர்.

ஸகோர்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ரயில்வே கேட்டைத் தாண்டினா இடது பக்கம். நம்பர் எல்லாம் தேட வேணாம். ஸ்லாவா அன்னிக்கு முற்றத்துல நம்ம மோட்டார் ஓடிட்டு இருக்கும், சத்தம் கேக்கும்."

அவர் தலையாட்டிவிட்டுப் படியேறிப் போனார். லியூபிங்கா தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். ஸகோர்கா கையிலிருந்த ரொட்டியின் சின்னப் பாதியைத் துணியில் சுற்றினாள். காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரர் உட்காரக்கூடாது. ஆனால் இனி அவள் வீட்டுக்காரி இல்லை. பெஞ்சை இழுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்தாள்.